கிருதாவுக்குச் சண்டை போட்ட அப்பா

மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சாட்சி மேடம். ஒரு கதையைப் பற்றி யார் என்ன சொன்னாலும், "எந்த வரியில இருக்கு? காட்டு" என்று பிடித்துக்கொள்வாள். காட்டாமல் அவளிடமிருந்து தப்ப முடியாது. கல்லூரியில் இலக்கியம் நடத்தும் தற்காலிக ஆசிரியை. இந்த வருடமாவது வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்குத் துறைத்தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனையோ தடவை வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

துறைத்தலைவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாடத்திலுள்ள அத்தனை கதைகளுக்கும் விடை எழுதி, கைடு போட்டு, தன் மாணவர்களிடமே விற்பவர். கேள்வித்தாளும் அவர் கையில், திருத்துவதும் அவர் கையில். ஒரு மனிதருக்கு இதற்குமேல் என்ன வசதி வேண்டும்?

பாடத்தில் ஒரு கதை. புருஷன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழும் மகளை அப்பா பஸ் ஏற்றிவிடுகிறார். திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். நேரே சலூனில் போய் உட்கார்ந்து, ஒரு பக்கம் கிருதா குட்டையாகிவிட்டது என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்கிறார். அவ்வளவுதான் கதை. கைடு என்ன சொல்கிறது? 'கண்ணீரை மறைக்கவே தந்தை திரும்பிப் பார்க்கவில்லை. இது தந்தைப் பாசத்தின் உச்சம்.' சலூனைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

அவள் கைடை மூடச் சொல்லிவிட்டு, கதையையே திரும்பத் திரும்பப் படிக்க வைத்தாள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடும் முன் பெஞ்சுக்காரி பரீட்சையில் எழுதினாள்: 'பாரம் இறங்கிய நிம்மதியில் இருப்பவன்தான் கிருதாவுக்குச் சண்டை போடுவான். இந்த அப்பா அழுததாகக் கதையில் ஒரு வரிகூட இல்லை.' இன்னும் சிலரும் சொந்தப் புத்தியை நம்பி எழுதினார்கள். அத்தனை பேரும் ஃபெயில். கைடை அப்படியே கக்கியவர்கள் எல்லாம் பாஸ். அக்கிரமம் என்றால் இதுதான் அக்கிரமம்!

வீட்டில் அண்ணனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"பேசாம நோட்ஸைக் குடுத்துட்டு வந்திரு. உனக்கெதுக்கு இந்த வம்பெல்லாம்?" என்றார் அண்ணன்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன்மேல் கோபம். அவர் சொன்னபடியே நாளைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கப் போகிறோம் என்று தெரிந்ததில் அதைவிடக் கோபம்.

மறுநாள் துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். ஃபெயிலான பிள்ளைகள் அவர் அறையில் வரிசையாக நின்றார்கள். புகார் சொல்ல வந்திருக்கிறார்கள். யார்மேல்? அவள்மேல்!

"பாருங்கம்மா, நீங்க நோட்ஸே குடுக்கிறதில்லையாமே?" என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்காகத்தானேடி இவ்வளவு மாரடிச்சேன்? நல்லா செஞ்சீங்க!" என்று முன் பெஞ்சுக்காரியிடம் சீறினாள்.

அந்தப் பெண் அசரவில்லை. "எங்ககிட்ட மட்டும் வரி கேப்பீங்க மேடம். சார்கிட்ட ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா? எங்க பேப்பரை எடுத்துக்கிட்டு இந்த ரூமுக்குள்ள வந்தீங்களா?"

சுருக்கென்று தைத்தது. வரவில்லைதான். கோபம் அடங்கவில்லை, ஆனால் இத்தனை நாள் அது தப்பான ஆட்களிடம் செலவாகியிருக்கிறது என்று புரிந்தது. மேஜைமேல் கிடந்த பாடப்புத்தகத்தை எடுத்து, அந்தக் கதையை விரித்து, துறைத்தலைவர் முன்னால் வைத்தாள்.

"அப்பா அழுதார்னு கைடுல எழுதியிருக்கீங்க. அது எந்த வரி சார்?"

அவர் புத்தகத்தைக் குனிந்து பார்க்கவே இல்லை. "பெத்தவன் அழத்தாம்மா செய்வான். இதுக்கெல்லாம் வரி வேணுமா?"

"வேணும் சார்."

"நாளையிலேருந்து நீங்க வேலைக்கு வரவேணாம்."

முன் பெஞ்சுக்காரி அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரி இல்லைன்னு சார் ஒத்துக்கிட்டாரு மேடம்" என்றாள்.