பின்னால் நின்ற மாப்பிள்ளை

பழங்காநத்தம் கடைத்தெருவில் அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். தைப்பவர் பக்கத்தில் ஒரு சட்டியில் தோலை ஊறப்போட்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு நெற்றி வலித்தது. சிரிக்காதீர்கள். எங்கள் காலத்துத் தோல் பந்தை வாரால் இழுத்துக் கட்டி முடிச்சுப் போட்டிருக்கும். மழையில் நனைந்த பந்தைத் தலையால் முட்டினால் அந்த முடிச்சு நெற்றியில் பதிந்துவிடும். மறுநாள் ஆபீசில் எல்லாரும் துக்கம் விசாரிப்பார்கள்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். நான் ஒரு பஞ்சாலையில் குமாஸ்தா. ஆலைக்கு ஒரு கால்பந்து டீம் இருந்தது. முன்னால் ஐந்து பேர், நடுவில் மூன்று, பின்னால் இரண்டு, கோலி ஒருவர் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. எல்லாம் காகிதத்தில்தான். விசில் ஊதியதும் கோலியைத் தவிர அத்தனை பேரும் பந்துக்குப் பின்னால் போய்விடுவோம். பின்னால் நிற்க வேண்டிய சோலை அலங்காநல்லூர்க்காரன். "ஏண்டா எடத்த விட்டுப் போற?" என்று கேட்டால், "மாட்ட அவுத்து விட்டபெறகு ஓரமா நிக்கச் சொல்றீகளேண்ணே" என்பான். நாங்கள் நான்கு கோல் போடுவோம், ஐந்து வாங்குவோம்.

கேப்டன் ஞானப்பிரகாசம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், நிதானமான மனிதர். திண்டுக்கல் டீமோடு ஆடிய அன்று சோலையை முன்னால் அனுப்பிவிட்டு, நடுவில் ஆடிக்கொண்டிருந்த என்னைப் பின்னால் தள்ளினார். "ஓடுறவன நிறுத்த முடியாது, அவன் போகட்டும். நீ நில்லு. பந்து எங்கிட்டுப் போனாலும் நகராத" என்றார்.

வேறு நாளாக இருந்தால் சரி என்றிருப்பேன். அன்று மைதானத்து வேப்பமரத்தடியில் விளாங்குடிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த பெண்ணின் தாய்மாமன். மாப்பிள்ளையை அவனுக்குத் தெரியாமல் பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படி வருகிறவர் யாருக்கும் தெரியாமல் வந்துபோனதாக மதுரையில் சரித்திரமே கிடையாது. அந்தப் பெண்ணை நான் கோயிலில் ஒரு தடவை பார்த்திருந்தேன். அந்த இடம் தட்டிப்போனால் வேறு இடம் பார்க்க எனக்கு மனசில்லை.

எல்லாரும் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடுகிறார்கள். நான் இடுப்பில் கைவைத்து நிற்கிறேன். கால் தானாக முன்னே போனது. "எங்கிட்டுப் போற, நில்லு" என்றார் கேப்டன். தனியாகப் புகுந்து வந்த எதிராளிகளின் காலிலிருந்து பந்தைத் தட்டித் தட்டி வெளியே அனுப்பினேன். வேப்பமரத்தடியில் அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சோலை ஒரு கோல் போட்டான். அவர்களுக்கு ஒன்றுமில்லை. நாங்கள் கோல் வாங்காமல் ஆடிய முதல் ஆட்டம் அது.

சோலையைத் தோளில் தூக்கினார்கள். தாய்மாமனும் எழுந்து போய், "தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று அவனைக் கேட்டாராம். "ரெண்டு பிள்ளை இருக்குண்ணே. அந்தா நிக்கிறான் பாருங்க, அவனுக்குத்தான் ஆகல" என்றிருக்கிறான். "அவன் அப்ப இருந்து நிக்கத்தானப்பா செய்றான்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். சோலை இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். அந்த இடம் தட்டிப்போயிற்று என்றே முடிவு கட்டினேன்.

தாய்மாமன் விளாங்குடிக்குப் போய், "பையனுக்குக் கால்ல ஏதோ கோளாறு. அம்புட்டுப் பேரும் ஓடுறாக, இவன் மட்டும் நட்ட கல்லு மாதிரி நிக்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். பெண்ணை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே அடுப்படியிலிருந்து, "அம்புட்டுப் பேரும் ஓடிட்டா அந்த எடத்த யாரு மாமா பாக்குறது? நிக்கிறவுகளையே பேசி முடிங்க" என்றாளாம். கல்யாணத்துக்குப் பிறகு அவளே சொன்னது. "என் காலு நல்லாத்தான் இருக்குன்னு உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாது" என்றாள்.

ஆலையை மூடிவிட்டார்கள். மைதானம் முழுக்க வீடுகள். வேப்பமரம் நின்ற இடத்தில் ஒரு மருந்துக்கடை. கேப்டனும் சோலையும் இல்லை. முன்னால் ஐந்து பேரை நிறுத்தி இப்போது யாரும் ஆடுவதில்லை. போன ஆடியில் அவளும் போய்விட்டாள். பெண்கள் மைதானத்துப் பக்கம் வராத காலம் அது; நான் ஆடி அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது எனக்குக் குறைதான். ஆட்டம் முடிந்து புழுதியோடு வீட்டுக்குள் நுழைந்தால், ஜெயித்தீர்களா என்று கேட்க மாட்டாள். "இன்னைக்கும் நின்னீகளா?" என்பாள். அப்படிக் கேட்க இப்போது வீட்டில் ஆள் இல்லை.