வடக்கே பாறை

எங்கள் வயலுக்கு வடக்கு எல்கை ஒரு பாறை. ராஜா காலத்தில் எழுதிய நிலப் பிரமாணத்தில் அப்படித்தான் இருக்கிறது: கிழக்கே ஓடை, தெற்கே வரப்பு, மேற்கே வண்டித்தடம், வடக்கே மலையடிப் பாறை. மற்ற மூன்று பக்கமும் அப்பா எல்கைக்கல் நட்டிருந்தார். வடக்கே மட்டும் நடவில்லை. கல்லூரியில் படிக்கும்போது ஏன் என்று கேட்டேன். "பாறைய எவன் மக்கா தூக்கிட்டுப் போவான்?" என்றார். நானும் சிரித்தேன்.

தூக்கிக்கொண்டு போனார்கள். மார்த்தாண்டத்தில் பஸ்ஸுக்கு நின்றால் இன்றைக்கும் பார்க்கலாம், கல்லும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேரளாவுக்குப் போகின்றன. பார்க்கும்போதெல்லாம் வயிறு பற்றி எரிகிறது.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறும் புவியியலும் நடத்துகிறவள். திருவிதாங்கூர் போய்த் தமிழ்நாடு வந்த கதையை வருஷா வருஷம் சொல்கிறேன். ராஜா போனார், ஆபீசில் மலையாளம் போய்த் தமிழ் வந்தது, மலை மட்டும் அப்படியே நிற்கிறது என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுவேன். ஜன்னலுக்கு வெளியே அந்த மலையைத்தான் உடைத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் வெடிச்சத்தம் கேட்டால் பாடத்தை நிறுத்துவேன், அடங்கியதும் தொடர்வேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

குவாரி முதலில் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. எங்கள் பக்கம் திரும்பியபோது ஊரில் கலெக்டருக்கு மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். அப்பா போட்டார். நான் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவள், வம்பு எதற்கு என்று ஒதுங்கிக்கொண்டேன். அதோடு விட்டேனா? அந்த வருஷம்தான் வீடு கட்டினேன். அஸ்திவாரக் கல்லுக்கு அந்தக் குவாரியை விட்டு வேறெங்கும் அலையவில்லை. காலையில் சொன்னால் மத்தியானம் லோடு வந்து இறங்குகிறது என்று கூட வேலை பார்க்கிறவர்களிடம் பெருமையடித்தேன். இந்த வாயில் சூடு போட வேண்டும்.

போன வருஷம் குவாரிக்காரர்கள் குழியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். வேலி எங்கள் வயலுக்குள் வந்து நின்றது. அப்பா வைத்த ஏழு தென்னையும் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. கேட்டதற்கு அது தங்கள் இடம்தான் என்றார்கள். அளந்து தரச் சொல்லித் தக்கலை தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். இந்த மேசைக்குப் போ, அந்த மேசைக்குப் போ என்று எட்டு மாதம் அலைக்கழித்த பிறகு ஒரு சர்வேயர் வந்தார்.

நல்ல மனுஷன். பிரமாணத்தைப் பொறுமையாக வாசித்தார், மூன்று பக்கத்துக் கல்லையும் பார்த்தார். பிறகு வடக்கே பார்த்து, பாறை எங்கே என்று கேட்டார். அப்பா தோளில் கிடந்த துவர்த்தை எடுத்துக் குழியைக் காட்டினார். கீழே பச்சைத் தண்ணீர் கிடந்தது. வரைபடத்தைப் பார்த்து அளக்கக் கூடாதா என்று நான் சண்டைக்குப் போனேன். வடபக்கத்து அளவெல்லாம் பாறையில் கொத்தியிருந்த சர்வே குறியிலிருந்துதான் தொடங்குகிறது, பாறையோடு குறியும் போய்விட்டது, எங்கே சங்கிலியைப் பிடிப்பது என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற குவாரி சூப்பர்வைசர் மெல்லச் சிரித்தான். எட்டி அறைந்திருப்பேன், நடுவில் கம்பி இருந்தது.

உடைத்தவனுக்கு ஒரு கேள்வி இல்லை, எல்கை எங்கே என்று எங்களைத்தான் கேட்கிறார்கள். அது என்ன நியாயம் என்று சர்வேயரிடம் கத்தினேன். யாரைக் கேட்டு மலையை உடைத்தார்கள், அப்போது எல்லோரும் எங்கே போயிருந்தார்கள் என்று கேட்டேன்.

அப்பா அதுவரை வரப்பில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து சர்வேயரின் கையைப் பிடித்தார்.

"பாறை எங்கயும் போவல்ல சார். இவளுக்க வீட்டுக்கு அடியில கெடக்கு. அங்க வந்து அளங்க."

குரலை உயர்த்தக்கூட இல்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

சர்வேயர் கையை விடுவித்துக்கொண்டு நோட்டைத் திறந்தார். பிறகு, வடக்கு எல்கை கண்டறிய இயலவில்லை என்று எழுதினார். மனுதாரர் தரப்பில் ஒருவர் சாட்சிக் கையெழுத்து போட வேண்டுமாம். அப்பா வரப்பில் இறங்கி நடந்துவிட்டார். நான்தான் போட்டேன்.