நான் சுரண்டிய கோட்டை வெடிப்பு

படத்தை வாங்கிப் பார்த்த கமலாக்கா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பாராட்டுக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"தம்பி, இந்தச் சுவரிலை ஒரு வெடிப்பு இருந்ததெல்லே. எங்கை அது?"

"எடுத்திட்டன் அக்கா. பாருங்கோ, சுவர் புதுசு மாதிரி நிக்குது."

"அந்த வெடிப்புக்காகத்தானே இதை இவ்வளவு நாளும் வைச்சிருந்தனான்!"

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு தமிழ் அச்சகத்தில் படங்களுக்கு டச்-அப் செய்வது என் வேலை. பாதி வேலை கல்வெட்டுத்தான். இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் அடிக்கும் நினைவுப் புத்தகம். "செத்த மனுசனைப் பாத்துச் சனம் 'எவ்வளவு வடிவு' எண்டு சொல்ல வேணும்" என்பது முதலாளியின் கட்டளை. முகச் சுருக்கங்களின் கறுப்புக் கோடுகளை பிளேட்டால் மெல்லச் சுரண்டி, மேலே சாம்பல் நிறம் பூசுவேன். என் கையில் சுருக்கத்தோடு பரலோகம் போனவர் எவருமில்லை. அந்தக் கை சும்மா இருக்குமா?

கமலாக்கா யாழ்ப்பாணத்தில் கட்டட இலாகாவில் படவரைஞராக இருந்தவர். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் இடித்து ஐந்து மூலையாகத் திருப்பிக் கட்டிய கடலோரக் கோட்டையில், முருகைக்கல் என்னும் பவளப்பாறைச் சுவர்களின் வெடிப்புகளை அளந்து வரைவது அவருடைய பொறுப்பு. வெடிப்பின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டுவார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைகிறது என்று அர்த்தம். பிறகு சண்டையில் கோட்டை சிதைந்தது. அவர் வரைந்த தாள்களும் போயின. மிஞ்சியது வெடிப்புத் தெரியும் இந்த ஒரே புகைப்படம். பழைய ஊழியர்களின் ஒன்றுகூடல் நினைவு மலருக்காக, நகருக்கு வெளியே விட்பியிலிருந்து ரயிலும் பஸ்ஸும் ஏறிக் கொண்டுவந்து தந்திருந்தார்.

சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார். "ஏன் அக்கா, வடிவாத்தானே இருக்கு?"

"வடிவோ? கோட்டைக்கும் கல்வெட்டு அடிச்சிட்டியளோ?"

முதலாளி வந்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டார். ஈரப் பஞ்சால் துடைத்ததில் நான் பூசிய சாம்பல் நிறம் போனது. ஆனால் பிளேட் பட்ட நடுப்பகுதி, ஒரு விரல் நீளம், வெறும் வெள்ளை. திருப்பி எடுக்க வழியே இல்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. கேக்காமல் கை வைச்சிட்டன்."

அவர் கதிரையை மேசைக்கு அருகில் இழுத்தார். பிறகு, "படத்தைப் பெருப்பிச்சு ஒரு பிரதி எடுத்துத் தாரும். கூரான பென்சிலும் வேணும்" என்றார்.

மேசையில் குனிந்தார். வெள்ளை தொடங்கும் இடத்தில் பென்சிலை வைத்து, இடப்பக்கம் சற்று வளைத்து, ஒரு கல்லைச் சுற்றி இறக்கி, கீழே மிஞ்சியிருந்த கோட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு தடவைகூட அழிக்கவில்லை. அந்தப் பிரதியைத்தான் மலரில் அச்சடித்தோம்.

ஒன்றுகூடலுக்கு அச்சடித்த மலர்ப் புத்தகக் கட்டுகளுடன் நானும் போனேன். அக்காவோடு கோட்டையில் கொத்து வேலை செய்த மேசன் மணியண்ணை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தப் பக்கத்தை விரித்தார். நான் செய்த கூத்து அவருக்குத் தெரியாது. வெடிப்பின் மேலே விரலை வைத்து மெல்ல இறக்கிக்கொண்டு வந்தார். விரல் நின்றது.

"கமலா, மூண்டாவது கண்ணாடி இதிலைதானே உடைஞ்சது? நான்தான் ஒட்டினனான். அந்தக் கல்லைச் சுத்தித்தான் போகும் உந்தச் சனியன்."

அவர் விரல் நின்றது நான் சுரண்டிய இடத்தில்.

கமலாக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அதன்பின் வேலையில் இருந்தவரைக்கும், கல்யாணப் படமோ கல்வெட்டுப் படமோ, யார் கொண்டுவந்தாலும் பிளேட்டை எடுக்குமுன் ஒன்று கேட்பேன்: "இதிலை எதை நான் தொடக்கூடாது?" பதில் சொல்லாமல் போனவர்கள் மிகக் குறைவு.