நாவலுக்குள் பெய்யும் மழை

நாங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக்கு நடத்தும் ஆங்கிலக் கிராமத்து நாவலில் கதாநாயகி கண் கலங்கினால் போதும், உடனே மழை வந்துவிடும். அவள் காதலித்தால் புல்வெளியெல்லாம் பூக்கும். கைவிடப்பட்டால் மூடுபனி இறங்கும். 'நாவலில் இயற்கை எதைக் குறிக்கிறது?' என்று பரீட்சைக்குப் பரீட்சை ஒரு கேள்வி நிச்சயம். அதற்குப் பதில் சொல்லிக்கொடுத்தே இத்தனை வருடம் சம்பளம் வாங்கிய எனக்கு, போன வருடம்தான் அந்தப் பெண்மேல் பொறாமை வந்தது.

போன வருடம் என் வீட்டுக்காரர் மவுத்தாகிவிட்டார். காலையில் தோல் மண்டிக்குப் போனவரை மதியம் வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நெஞ்சுவலி. அதன்பின் எனக்கு இத்தா. கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். முதல் வாரம் வீடு கொள்ளாத கூட்டம். அவருக்கு என்ன ஆச்சு என்று எல்லாரும் கேட்டார்கள். உனக்கு அன்றைக்கு எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு கூட்டமும் நின்றது. பிள்ளைகள் இல்லை. துணைக்கு அந்த நாவல்தான்.

ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் ஒரு துண்டு வானமும் தெரியும். அந்த வானம் எனக்காக ஒரு நாள்கூட இருண்டதில்லை. புத்தகத்திலோ அவளுக்காக இடியும் காற்றும் திரண்டுவந்து ஒப்பாரி வைத்தன. எரிச்சலில் மூடிவைப்பேன். வேறு என்ன செய்ய, மறுபடி திறப்பேன்.

கல்லூரிக்குத் திரும்பியதும் அந்த மழை அத்தியாயத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வாயைத் திறந்தால் பாடம் வராது, வேறெதுவோ வந்துவிடும் என்று பயம். யாரிடமாவது ஒரு தடவை சொல்லிவிட்டால் தேவலை என்றும் இருந்தது. கடைசியில் நடத்துவதற்கு வேறு பாடம் மிச்சமில்லை.

காதலன் சாகிறான், வானம் கொட்டித் தீர்க்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது முன் பெஞ்சுக்காரி கேட்டாள்.

"நெசமாவே அப்படி மழை வருமா மேடம்?"

"எனக்கு வரலைம்மா."

அவ்வளவுதான், அதற்குமேல் என்னால் நிறுத்த முடியவில்லை.

"அன்னைக்குச் சுள்ளுன்னு வெயிலு. காலையில அவரு கைலியத் துவைச்சு மாடியில போட்டிருந்தேன். அவரைக் கொண்டுவர்றதுக்குள்ள மொறுமொறுன்னு காஞ்சிருச்சு. அவரு அங்க செத்துக்கிட்டு இருந்திருக்காரு. நான் இங்க நல்ல வெயிலுன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் எழுந்தாள்.

"எங்கப்பா செத்தது விடியக்காலம் மேடம். மல்லி பறிக்க யாரும் போகலை. மொட்டாப் பறிக்க வேண்டியது அம்புட்டும் சாயங்காலம் செடியிலேயே விரிஞ்சிருச்சு. தோட்டமே வெள்ளைவெளேர்னு கெடக்கு. எழவுக்கு வந்தவுகல்லாம் என்னா வாசம், என்னா வாசம்னாக." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு அந்தச் செடியப் பூராம் பிடுங்கி எறியணும்போல இருந்துச்சு."

"இதை வீட்டுல யாருகிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"இல்ல மேடம். யாரும் கேக்கலை."

நான் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனேன். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.