சத்தமாக ஓதிய லுஹர்

உளூச் செய்யும்போது (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும்போது) வலது கையில் அள்ளிய தண்ணீர் நிற்காமல் ஒழுகிப் போனது. குழாயில் வேகம் அதிகம் என்று நினைத்தேன். இந்த வயதிலும் இரும்புத் தடியை ஒற்றைக் கையால் தூக்குகிறவன் நான். கையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையைக் கூட்டிப் பெருக்கப் போனவன், அதே தெருவில் சொந்தப் பட்டறை போட்டேன். படித்த இன்ஜினியர்கள் என் முன்னால் காத்து நிற்பார்கள். உதவி என்று யார் வாசலிலும் நான் போய் நின்றதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

லுஹர் (நண்பகல்) தொழுகையில் மனதுக்குள்தான் ஓத வேண்டும். அன்று ராயப்பேட்டை வீட்டில் நான் சத்தமாக ஓதினேன். வலது கை நெஞ்சில் நிற்காமல் வழுக்கியது. முடித்ததும் மனைவி நூர்ஜஹானிடம் “கை வரல” என்று சொல்ல வாயைத் திறந்தேன். “அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்” என்று வந்தது. தினமும் ஓதும் அல்ஹம்து சூரா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) முழுவதும், ஒரு எழுத்துத் தப்பாமல் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

“இன்னாங்க, சோறு போடவா?”

மறுபடியும் அல்ஹம்து.

“ஓதுங்க, ஓதுங்க. இப்பவாச்சும் மவுத்து ஞாபகம் வந்துச்சே” என்று சிரித்தாள். மவுத்து என்றால் மரணம்.

மகன் போனில் கூப்பிட்டான். அவள் என் காதில் வைத்தாள். “எப்டி கீறீங்க அத்தா?”

“அல்ஹம்துலில்லாஹ்.”

இறைவனுக்கே புகழ் என்று பொருள். நலமாக இருப்பவர்கள் எங்களில் இப்படித்தான் பதில் சொல்வார்கள். அவன் நிம்மதியாகப் போனை வைத்துவிட்டான். நான் சாப்பிடாமல் படுத்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் என்று விட்டுவிட்டாள். மஃரிப் (மாலை) தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டு எழுந்தபோது வலது கால் மடிந்து விழுந்தேன்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். டாக்டர் குனிந்து கேட்டார், “பேச்சு எப்பலேர்ந்து வரல?”

“நல்லா பேசிக்கினுதான் இருந்தாரு டாக்டர்” என்றாள் நூர்ஜஹான்.

“என்ன பேசினாரு?”

அவள் மெதுவாக, “ஓதினாரு.”

பக்கவாதம். கூடவே அஃபேசியா (மூளை பாதித்துச் சொற்கள் வராமல் போவது). யோசித்துப் பேசும் இடம் கெட்டாலும், மனப்பாடமானது தானாக ஓடுமாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் சில மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அந்த நேரத்தில் நான் ஓதிக்கொண்டும், பிறகு தூங்கிக்கொண்டும் இருந்தேன்.

ஆழ்வார்பேட்டையில் பேச்சுப் பயிற்சி. சொல்லித் தருகிற பெண் மயிலாப்பூர்க்காரி. “எங்காத்துல மாமனாருக்கும் இப்படித்தான். ஸ்லோகம் கடகடன்னு வரும், என் பேர் வராது” என்றாள். பிறகு, “நீங்க சொல்றதுக்கு என்ன அர்த்தம் மாமா?”

பேச்சு இருந்திருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. சிறு வயதிலிருந்து ஓதுகிறேன். உச்சரிப்பில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. பொருளை நான் கேட்டதே இல்லை.

பெண்கள் மதரஸாவில் படித்த நூர்ஜஹான் சொன்னாள். “உலகம் எல்லாத்தையும் காப்பாத்துறவனுக்கே புகழ்னு ஆரம்பிக்கும். நடுவுல, உன்னையே வணங்குறோம், உன்கிட்டயே உதவி கேக்குறோம்னு…”

பாதியில் விட்டுப் பயிற்சிப் பெண் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு மத்தியானம் உதவி கேட்டுக்கினு இருந்தாரும்மா. அர்த்தம் தெரிஞ்ச நான் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சிக்கினு இருந்தேன்.”

உன் தப்பு இல்லை என்று சொல்ல நினைத்தேன். அல்ஹம்துதான் வந்தது.

இதை என் அரைகுறைச் சொற்களிலிருந்து மகள் எழுதுகிறாள். நான் தலையாட்டாமல் ஒரு வரியும் ஏறவில்லை. உங்கள் வீட்டிலும் பெரியவர் ஒருவர் திடீரென்று ஓதியபடியே இருந்தால், நன்றாக இருக்கிறார் என்று நம்பிவிடாதீர்கள். பேரனின் பெயரைக் கேளுங்கள். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலோ, ஒரு கை எழாவிட்டாலோ உடனே தூக்கிக் கொண்டு ஓடுங்கள்.

இப்போது நாற்காலியில் அமர்ந்து தொழுகிறேன். வலது கையை இடது கை தூக்கி நெஞ்சில் வைக்கிறது, வேறு யாருடைய கையையோ வைப்பது போல. ஒரு பாங்குக்கும் அடுத்த பாங்குக்கும் நடுவில் புதிதாக ஒரு சொல் வந்தால் அது நல்ல நாள். “தண்ணீர்” வந்துவிட்டது. மகன் பெயர் வந்துவிட்டது.

நான் “அல்ஹம்து” என்று ஆரம்பித்தால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு நூர்ஜஹான் ஓடி வருகிறாள்.

“இன்னா பண்ணுது? எம் பேரச் சொல்லுங்க!”

தொழுகையின் நடுவில் பேசக் கூடாது. முடித்த பிறகு அவள் முகத்தைப் பார்க்கிறேன். அந்தப் பெயர் மட்டும் இன்னும் வரவில்லை.