வழியுதா, வழியுமா

கங்கைகொண்டானில் நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் எனக்கு மாடி, என் வீட்டுக்காரருக்குக் கீழே ஷெட். மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றும் எந்திரத்தை அவர் ஓட்டுவார். அந்த எந்திரத்துக்கென்று ஒரு குட்டி மொழி உண்டு. அதில் எழுதும் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து நிறைவேற்றும் இன்டர்பிரட்டர் எங்கள் பொறுப்பு. எங்கள் என்றால் நானும், அக்கா அக்கா என்று என் உயிரை வாங்கும் ஒரு தம்பியும்.

முழு எண்ணுக்குக் கம்ப்யூட்டரில் அளந்த இடம்தான். அது நிறைந்த பிறகும் கூட்டினால் எண் தலைகீழாகப் போய் மைனஸில் விழும். எங்கள் எந்திரத்தில் மைனஸ் என்றால் கம்பி சுற்றும் உருளை பின்பக்கமாகச் சுற்றும். அதைத் தடுக்கத் தம்பி ஒரு சோதனை எழுதி, ‘வழியுதா’ என்று பெயரும் வைத்திருந்தான். பார்த்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற கூத்து அது. மோட்டாரைப் போட்டுவிட்டுப் பேப்பரில் மூழ்குகிற மனிதர், மொட்டைமாடி டேங்கு வழிந்து தண்ணீர் கொட்டிய பிறகுதான் எழுந்திருப்பார்.

அன்று காலை கீழே அந்தச் சோதனையைத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். சுற்றுக் கணக்கை வைத்திருக்கும் எண்ணை நிறையும் தறுவாயில் வைத்து ஓட்டுவது. நிறையும்போது எந்திரம் தானாக நிற்க வேண்டும். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. எந்திரத்துக்கு அனுப்பிய கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். ‘வழியுதா’ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

“எங்கிட்ட நல்லாத்தான நிக்கு, அக்கா?” என்றான் தம்பி.

அவனிடம் ஓடியது வேகப்படுத்தாத கோப்பு; எந்திரத்துக்குப் போனது வேகப்படுத்தியது. அவன் முதலில் கூட்டிவிட்டு, விடை சிறுத்திருக்கிறதா என்று பிறகு கேட்டிருந்தான். வேகப்படுத்தும்போது, நாங்கள் எழுதுவதைக் கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றும் கம்பைலர், முழு எண் வழியவே வழியாது என்று நம்பி, அந்தக் கேள்வியே வீண் என்று தூக்கிப் போட்டுவிட்டது.

“கூட்டுறதுக்கு முன்னால கேக்கணும்ல! வழியுதான்னு இல்லலே, வழியுமான்னு!” என்று கத்திக்கொண்டே எழுந்தேன். என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஷெட் இரைச்சலில் எப்படிக் கேட்கும்?

படியில் செருப்பு கழன்றது. விட்டுவிட்டு ஓடினேன். ஷெட் வாசலிலிருந்தே பார்த்தேன். அவர் உருளைமேல் குனிந்து, கம்பியை விரலால் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உருளை திரும்பினால் கம்பி விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கூப்பிட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தேன்.

உருளை நின்றது. திரையில் எண் நிறைய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

அவர் நிமிர்ந்து என் வெறுங்காலைப் பார்த்தார். “ஏட்டி, என்னத்துக்கு இப்படி ஓடியாற? டேங்கு வழியுதா?”

அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் அழுகை வந்துவிட்டது.

“இல்ல,” என்றேன். “வழியப் பாத்துது.”