அமாவாசைக்கு மட்டும் ஓடிய கார்

மற்றவர்களின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துத்தான் நான் பிழைக்கிறேன். கேம் ஆடினால் திக்குகிறது, பத்து நிமிடத்தில் படுத்துவிடுகிறது என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வரும்போதே ராம் போதவில்லை, கார்டு பழசு, வைரஸ் என்று ஆளுக்கொரு நோயும் சொல்லிவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நான் கேட்பது ஒன்றுதான். வீட்டில் இது எங்கே இருக்கிறது, இதன் பின்பக்கம் என்ன இருக்கிறது? இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். அந்தக் கேள்வியை நான் எந்தப் படிப்பிலும் படிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கற்றேன். கற்ற விதம் எனக்குப் பெருமையானது இல்லை.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். ஒரே நீளக் கூடம். அதில் பாதிக்கு மேல் தறி. அப்பா முதலாளியின் கொட்டகையில் நெய்யப் போய்விடுவார், வீட்டுத் தறி அம்மாவுடையது. தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் சமையலுக்குத்தான் எழுவாள். அவளுக்கு எதிரே பாவு, அதாவது நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகள், சுவர் வரைக்கும் போகும். கூடத்தில் ஃபேன் உண்டு. ஆனால் தறியில் பாவு இருக்கும்வரை போடக் கூடாது. காற்று பட்டால் பாவு காய்ந்து இழை அறுந்துவிடும். சித்திரை மாதத்திலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேர்த்து வழிந்தோம். அந்த ஃபேனின் வேலை ஒட்டடை பிடிப்பது.

வாலாஜாபாத்தில் அரிசி மில் மேனேஜராக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, தன் மகனுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை எங்களுக்குக் கொண்டு வந்தார். பொண்ணு படிக்கட்டும் என்றார். படிக்கிற பிள்ளை கிழக்கே பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்று அவரே மேஜையைப் போட்டார். அதனால் என் முகம் கிழக்கே, கம்ப்யூட்டரின் முதுகு தறிப்பக்கம். அந்த முதுகுக்கும் பாவுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

"சும்மா தூங்க வுட்டீங்கன்னா எடுத்துக்கினு பூடுவேன். என் மச்சான் பையன் கேட்டுக்கினே இருக்கான்."

நான் எங்கே தூங்க விட்டேன்? மாமா மகன் அதிலேயே விட்டுப் போயிருந்த கார் பந்தய கேமைப் பள்ளி விட்டு வந்ததும் போட்டுவிடுவேன். என்னைவிட ஒரு வயது பெரியவன் அவன். கடற்கரைச் சாலையில் ஒரு சுற்றை அவன் எத்தனை வினாடியில் முடித்தான் என்று திரையிலேயே எழுதியிருக்கும். அதை முறியடிப்பதைத் தவிர எனக்கு அந்த வருடம் வேறு குறிக்கோள் இல்லை.

முதல் வாரம் நன்றாக ஓடியது. அப்புறம்தான் திக்க ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஒழுங்காகப் போகும் கார், திடீரென்று நின்று நின்று குதிக்கும். வளைவுக்கு முன்னால் ஒரு படம், வளைவுக்குப் பின்னால் ஒரு படம், நடுவில் நான் கடலில். மாமா வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். மாமா மகன்தான் எடுத்தான்.

"இங்க இருந்தவரைக்கும் சூப்பரா ஓடுச்சி. உனுக்கு ஓட்டத் தெரில, அதான். கம்ப்யூட்டர் மேல ஏன் பழி போடற?"

நான் சும்மா இருக்கவில்லை. ரிஃப்ரெஷை இருபது தடவை அழுத்திவிட்டுத்தான் கேமையே திறப்பேன். யார் சொன்னதென்று தெரியாது, அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் அழுத்தினார்கள். டிஸ்கை ஒழுங்காக அடுக்குமாம் என்று டிஃப்ராக் போட்டுவிட்டுத் திரையில் நகரும் கலர் கட்டங்களை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுகளை எல்லாம் அழித்தேன். வைரஸுக்கு ஒரு சிடி இரவல் வாங்கினேன், அந்த சிடியில்தான் வைரஸ் இருந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து சர்வீஸ்காரர் வந்தார். வீட்டில் பார்க்க முடியாது, கடைக்கு எடுத்துப் போகிறேன் என்றார். அவர் தூக்கப் போகும்போது அம்மா குழியிலிருந்து ஏறி வந்து, "இருப்பா, தொடச்சிக் குடுக்கறேன், தூசியா கீது" என்று முந்தானையால் முன்னும் பின்னும் துடைத்துக் கொடுத்தாள். வெளியே போகிற எந்தப் பொருளையும் அம்மா துடைக்காமல் அனுப்பமாட்டாள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கடையில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்த மறுநாளே திக்கியது. மறுபடி அவர் வந்தார், மறுபடி அம்மா துடைத்துக் கொடுத்தாள், மறுபடி கடையில் ஒழுங்காக ஓடியது. மூன்றாவது தடவை அவருக்கே எரிச்சல் வந்துவிட்டது.

"எங்கிட்ட நல்லாதான் ஓடுது. உங்க வூட்டு கரண்டுதான் சரியில்ல. ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்லு அப்பாவ."

அப்பா எங்கிருந்தோ ஒரு பழைய ஸ்டெபிலைசரைக் கொண்டு வந்தார். அது உறுமியது. கார் வழக்கம்போலத் திக்கியது.

இதற்கு நடுவில் நான் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். அமாவாசை அன்று கார் திக்கவில்லை. எங்கள் ஊரில் அமாவாசைக்குத் தறிகளுக்கு விடுமுறை. தெரு முழுக்கச் சத்தம் இருக்காது. அம்மா முதல் நாளே தறியைச் சுற்றிக் கிடக்கும் துணிகளை எல்லாம் எடுத்து உதறித் துவைத்துப் போட்டுவிட்டு, அன்றைக்குக் கோயிலுக்குப் போவாள். ஓர் அமாவாசை சாயந்திரம் கார் எண்ணெய் போட்டது போல ஓடியது. அடுத்த அமாவாசைக்கும் ஓடியது. காலண்டரில் இரண்டையும் சுழித்து வைத்துக்கொண்டு சர்வீஸ்காரரின் கடைக்கே போய்ச் சொன்னேன்.

"அப்ப பௌர்ணமிக்குப் படுத்துக்கும்" என்றார். "ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி மேல வை பாப்பா. எனுக்கும் வேல மிச்சம்."

அவர் கிண்டல் செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இருந்தும் எலுமிச்சம்பழம் வைத்தேன். குங்குமமும் தடவினேன். அம்மா தறியிலிருந்தபடியே எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, புது லாரி கணக்கா கீது" என்று சிரித்தாள். தறிச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. பெருமாள் கோயில் பக்கத்துக் கல்யாண வீடு ஒன்றுக்கான புடவை அது. முகூர்த்தத்துக்கு முன்னால் முடித்துக் கொடுத்தால்தான் முதலாளி அடுத்த பாவு தருவார். அது எனக்கும் தெரியும். வீட்டில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் வினாடிக் கணக்குதான்.

மாமா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார். வந்தார். மகனோடு வந்தார். கையில் ஒரு கட்டுக் கயிறு. கயிற்றைப் பார்த்ததுமே நான் போய் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"ஓடாத பொருள வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றார். "நான் எடுத்துப்போய் சரி பண்ணி அந்தப் பையனுக்குக் குடுத்துடறேன்."

"ஓடும் மாமா. அமாவாசைக்கு ஓடுது."

மாமா மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நாற்காலியில் உட்கார்ந்து கேமைப் போட்டான். பத்து நிமிடம் அமர்க்களமாக ஓட்டினான். அப்புறம் அவனுடைய காரும் குதித்தது. அவனுடைய காரும் கடலில் விழுந்தது. அவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும், அழுகை வந்துவிட்டதால் சொல்ல முடியவில்லை. அவன் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தான்.

"யப்பா, தோசக்கல்லு மாரி கீது!"

பின்பக்கம் நான் ஒருநாளும் போனதில்லை. பாவுப் பக்கம் பிள்ளைகள் போகக் கூடாது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அடி வாங்கிப் படித்த பாடம் அது. அன்றைக்கு மேஜைக்கும் பாவுக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தேன். அம்மா, "ஏய், பாவு, பாவு" என்று கத்தினாள். கம்ப்யூட்டரின் முதுகில் ஃபேன் ஓட்டைகள் இருக்குமே, அங்கே அப்பாவின் பழைய வேட்டிக் கிழிசலில் கழிவுப் பட்டுநூலைச் சுருட்டி வைத்து, ஒரு ஓட்டை விடாமல் அடைத்திருந்தது. தொட்டால் சுட்டது. பிடுங்கி எடுத்தேன்.

"யாரு வச்சது இத?"

"நான்தான்" என்றாள் அம்மா. கையில் ஊடை இழையை ஓட்டும் நாடா இருந்தது. "காத்து நேரா பாவு மேல அடிக்குது. அனலா வேற கீது. இழ நிக்க மாட்டேங்குது."

மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "யக்கா, அது மூச்சு வுடறதே அங்கதான். மூக்குல துணிய அடச்சி வச்சிக்கினு கீறியே! இவ்ளோ சின்ன ஃபேனு, இதுல உன் பாவுக்கு இன்னா ஆயிடப் போவுது?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மூன்று மாதக் கோபம் எனக்கு.

"ஒண்ணும் தெரிலன்னா கம்முனு இருக்க வேண்டிதானே?" என்று கத்தினேன். "எல்லாம் உன்னாலதான். இனிமே அதுங்கிட்ட வராத."

அவள் தம்பிக்கு முன்னால், தம்பி மகனுக்கு முன்னால் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. என் கையில் இருந்த துணிச்சுருளைப் பார்த்தாள்.

"கீழ போடாத. பட்டு. இப்பிடிக் குடு" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு மாமா போய்விட்டார். கம்ப்யூட்டர் எனக்கே என்றாயிற்று.

மேஜையைத் திருப்பிப் போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன், அந்த அனல் சுவரில் போய் அடித்திருக்கும். மேனேஜர் மாமாவுக்குத் தோன்றவில்லை. சர்வீஸ்காரருக்குத் தோன்றவில்லை. காற்று ஆகாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை. மேலே தொங்குகிற ஃபேன் விடுவது மட்டும்தான் காற்று என்று நினைத்திருந்தேன். தம்பி கிழக்கே பார்த்துப் போட்ட மேஜை, பெண் படிக்கிற மேஜை என்று அம்மா வாயைத் திறக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் யார்மேல் கோபப்படுவதென்று தெரியாமல் எல்லார்மேலும் கோபப்படுகிறேன். இப்போது அதற்கும் தெம்பில்லை.

அடுத்த நாளிலிருந்து கார் பறந்தது. அம்மா பாவுக்கும் மேஜைக்கும் நடுவில் ஈரப் போர்வை ஒன்றைக் கொடியில் போட்டுப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் அது காய்ந்துவிடும். மறுபடி நனைத்துப் போடுவாள். நாடா நாலு ஓட்டம் ஓடும், நின்றுவிடும். அம்மா குனிந்து அறுந்த இழையைத் தேடி, விரலில் எச்சில் தொட்டு முடிச்சுப் போடுவாள். மறுபடி நாலு ஓட்டம். மறுபடி நிற்கும். கார் திக்குவதை வினாடிக் கணக்கில் எழுதி வைத்திருந்த எனக்கு, ஒரு முழம் தள்ளி ஒரு தறி திக்கிக்கொண்டிருந்தது காதில் விழவே இல்லை. அந்த வாரம்தான் நான் மாமா மகனின் கணக்கை முறியடித்தேன்.

புடவையை முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் முடித்துவிட்டாள். எப்படி முடித்தாள் என்று தெரியாது. முதலாளி வீட்டுக்குக் கொண்டு போகும்போது பையைத் தூக்க நானும் போனேன். அவர் புடவையை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, உடம்புப் பக்கத்தை உள்ளங்கையால் தடவினார். தடவின இடத்தையே திரும்பத் தடவினார்.

"இன்னாம்மா," என்றார் மெதுவாக, "உன் கையா இது?"

அம்மா தரையைப் பார்த்தாள். அவள் ஏன் பதில் சொல்லவில்லை என்று எனக்குப் புரியவில்லை. அடக்கம் என்று நினைத்தேன். அவளுக்காக நான் சொன்னேன்.

"ஆமாங்க. எங்கம்மாவேதான் நெய்ஞ்சாங்க. யாருமே கை வைக்கல."

அவர் என்னைப் பார்த்தார். புடவையை மடித்தார். அடுத்த பாவைப் பற்றி, "சொல்லி அனுப்பறேன்" என்றார்.

திரும்பி வரும்போது அம்மா எனக்கு ஒரு முறுக்குப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாள். நான் நன்றாகப் பதில் சொன்னதற்காக என்று நினைத்துக்கொண்டு தின்றேன்.

ஆடி போய் ஆவணி வந்தும் சொல்லி அனுப்பவில்லை. பாவு இல்லாத தறி வெறும் மரமாக நின்றது. எனக்கு அது வசதியாக இருந்தது. மேஜையின் பின்பக்கம் தாராளமாகப் போகலாம், வரலாம். சத்தமும் இல்லை. ஒருநாள் மத்தியானம், வேர்த்து மவுஸ் வழுக்கியது. அம்மா தறிக்குழியின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஃபேன் போடட்டாம்மா?" என்று கேட்டேன். கிடைக்காது என்று தெரிந்தேதான் கேட்டேன்.

"போட்டுக்கோ" என்றாள்.

துள்ளி எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டேன். ஒட்டடை பறந்து திரையெல்லாம் விழுந்தது. முதலில் இரண்டில்தான் வைத்தேன். அப்புறம் ஐந்துக்குத் திருப்பினேன்.